இரும்புக்கொழுந்து

என் அப்பாவும் சித்தப்பாவும் இருபத்தோரு வருடம் ஒரு ஹெவி மெட்டல் குழு நடத்தினார்கள் என்று சொன்னால் என்னோடு வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்திலா என்று கேட்கிறார்கள். தோட்டத்தில்தான்.

அப்பா டிரம் அடிப்பார். கிதாரும் பாட்டும் சித்தப்பா. பேஸ் கிதாருக்கு, மலைமேல் பக்கத்து ஊரான லெம்பா பெர்த்தாமில் காய்கறி லோரி ஓட்டிய ஒருவர் இருந்தார். சொந்தக்காரர் இல்லை, எங்கள் வீட்டில் சாப்பிட்டுச் சாப்பிட்டே மாமா ஆனவர். சுற்றுலா வந்த வெள்ளைக்காரர் யாரோ வேனில் விட்டுப்போன ஒரு கேசட்டை, நாடா அறுந்துபோகும்வரை மூவரும் கேட்டார்களாம். அதற்குப் பிறகு அவர்களுக்கு வேறு எந்தப் பாட்டும் பாட்டாகப் படவில்லை. குழுவுக்கு இரும்புக்கொழுந்து என்று பெயர் வைத்தார்கள். லயத்து வீடுகளில் எல்லாரும் இரும்புக்கடை என்றார்கள்.

பாடல்கள் எல்லாம் தமிழ். அட்டைக்கடியைப் பற்றி ஒன்று, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியைப் பற்றி ஒன்று, மழையைப் பற்றி ஏழெட்டு. சித்தப்பா பாடும்போது ஒரு சொல்லும் புரியாது என்பதால் கிராணிக்குக் கோபம் வந்ததே இல்லை. ஒருமுறை மாரியம்மன் திருவிழாவில் அரை மணி நேரம் கொடுத்தார்கள். அம்மன் பாட்டுத்தான் பாட வேண்டும் என்றார் கோயில் தலைவர். பாடினார்கள். இரண்டு பெண்களுக்குச் சாமி வந்துவிட்டது. அம்மனுக்குப் பிடித்திருக்கும்போது நிறுத்தச் சொல்லத் தலைவருக்குப் பயம். மறுவருடம் கூப்பிடவும் பயம்.

ஞாயிறு மதியங்களில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை பிள்ளைகள் இல்லாமல் மூடிக்கிடக்கும்; அங்கே வாசித்துப் பழகுவார்கள். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இலை உருட்டும் மெஷினில் வேலை. ஆறு நாள் அந்தச் சத்தம், ஏழாம் நாள் இந்தச் சத்தம் என்று அம்மா சொல்வார்.

எனக்குப் பதினொரு வயதானபோது அவர்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. பெரிய மோட்டார் சைக்கிள்களில் ஊர் ஊராகப் போகும் ஒரு கூட்டம் தானா ராத்தா திடலில் சந்திக்கப்போகிறது, அங்கே வந்து வாசிக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் வாசித்தவர்களைத் தேடி, இந்த இசைக்காகவே ஒரு கூட்டம் அழைப்பது அதுதான் முதல் தடவை. சித்தப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதே மாதம்தான் அப்பாவுக்குக் காது போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. கியா பார்ம் சந்தையில் காய் வாங்கிக்கொண்டு சாலையோரம் நடந்துவந்தோம். அப்பா முன்னால் போனார். பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. அவர் ஒதுங்கவே இல்லை. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். லோரி எங்களை உரசிக்கொண்டு போனபிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

காய்ப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, “சித்தப்பாகிட்ட சொல்லிடாத பாப்பா. அம்மாகிட்டயும் வேணாம்,” என்றார்.

“ஏம்ப்பா?”

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தார். “ஷோ முடியட்டும் லா. அப்புறம் டாக்டர்கிட்ட போலாம்.”

அப்பாவின் ரகசியம் என்னிடம் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை. அன்றுமுதல் அவர் முகத்துக்கு நேரே போய் நின்றுதான் பேசினேன். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் கையைத் தொட்டுவிடுவேன். அம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை. எவ்வளவு சாமர்த்தியமான பிள்ளை நான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷோவுக்கு முந்தைய ஞாயிறு சித்தப்பா கிதாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்: “பாப்பா, அப்பாவுக்குக் காது எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு.”

“டிவி சத்தம்லாம் கேக்குதா?”

“கேக்குது.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு “சரி” என்று கம்பியை முறுக்கத் தொடங்கினார்.

திடலில் கறுப்புச் சட்டைகளாக நின்றன. மலாய்க்காரர்கள், சீனர்கள், நம்மவர்கள், எல்லாரும் கலந்து. முதல் பாட்டில் யாரும் காதைப் பொத்தவில்லை. இரண்டாவது பாட்டில் எல்லாத் தலைகளும் ஒன்றாக ஆடின. மாமா வாசித்துக்கொண்டே அழுதார். அப்பாவை அப்படி ஒரு முகத்தோடு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்றாவது பாட்டில் மூடுபனி இறங்கியது. எங்களுக்கு அது தினமும் வருவது. கீழே ஈப்போவிலிருந்து வந்தவர்கள் விசிலடித்தார்கள். ஐந்து நிமிடத்தில் மேடையின் பின்பக்கம் மறைந்துவிட்டது. டிரம் சத்தம் மட்டும் வந்தது. அது வேகமானது, பிறகு பாட்டைவிட்டு விலகியது. சித்தப்பா திரும்பினார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி பனிக்குள் போனார். “அண்ணே, என்னைப் பாரு,” என்று கத்தினார். திரும்பு, திரும்பு என்று கீழே கூச்சல். நல்ல நேரத்தில் அப்பாவோடு சண்டை பிடிக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

மாமா நிறுத்தினார். சித்தப்பாவும் நிறுத்தினார். அப்பா நிறுத்தவில்லை. டிரம் மட்டும் தனியாக அடிப்பதைக் கேட்டு முதலில் கைதட்டினார்கள். மெல்லக் கைதட்டல் ஓய்ந்தது. பனி கொஞ்சம் விலகியபோது, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, முழுப் பலத்தோடு, முடிந்துபோன பாட்டை அப்பா அடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா போய் அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்தார்.

லோரியில் திரும்பும்போது அப்பா கேட்டார்: “நீங்க முன்னாடியே நிறுத்திட்டீங்களா?”

“இல்லண்ணே. ஒண்ணாத்தான் முடிச்சோம்,” என்றார் சித்தப்பா.

அப்பா என் பக்கம் திரும்பினார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

நரம்பு செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார் டாக்டர். ஆயாக்கொட்டகையை யாரும் திறக்கவில்லை. கூரை ஒழுகி டிரம் தோல் பூஞ்சை பிடித்தது. சித்தப்பா ஜொகூருக்கு வேலை தேடிப் போனார். தீபாவளிக்கு வருவார். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார்கள். எழுதிக் காட்டிப் பேசலாம் என்று நான் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைப்பேன். எதை எழுதுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அப்பாவுக்கு இப்போது அறுபது ஆகிறது. மேசையில்கூட விரலால் தட்டமாட்டார்.

போன வருடம் மாமா சாவதற்குக் கொஞ்சம் முன்பு என்னிடம் சொன்னார். சித்தப்பாவுக்கு ஷோவுக்கு இரண்டு வருடம் முன்பே தெரியுமாம். பழகும்போதெல்லாம் அப்பாவுக்கு எதிரே நின்று, தலையாலும் காலாலும் தாளம் காட்டித்தான் நடத்திக்கொண்டு வந்தாராம். திடலிலும் பனி வரும்வரை அப்படித்தான்.

தெரிந்தவர் ஏன் என்னிடம் கேட்டார் என்று பல நாள் யோசித்தேன். அண்ணனிடம் போதும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டால், அதைச் சாக்காக வைத்து, யாரும் பார்க்காத ஆயாக்கொட்டகையிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். அதற்காக அவர் அத்தனை பேரில் என்னிடம் வந்து நின்றது எனக்கு அப்போது தெரியவில்லை.