செத்துப்போன ஸ்டார்ட்டர் சுழன்றது

1. கார் கிளம்ப அடம்பிடித்ததால் ஜொகூர் பாருவில் ஒரு பட்டறையில் விட்டேன். முதலாளி புது ஸ்டார்ட்டர் மோட்டார் மாட்டி, பழையதைக் காரின் பின்பக்க பூட்டில், சாமான் வைக்கும் இடத்தில், போட்டுக் கொடுத்தார்.
2. மூன்றாவது வாரம் பக்கத்து ஊரான செனாயில் எனக்கு ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வு. அன்று காலை சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்ற சத்தம் மட்டுமே வந்தது.
3. பானட்டைத் திறந்தேன். பேட்டரியின் எர்த் வயர் காரின் உடம்போடு சேரும் இடத்தில் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. சுரண்டி இறுக்கியதும் கார் கிளம்பியது. நான் போய்ச் சேர்ந்தபோது தேர்வு முடிந்திருந்தது.

மின்பொறியியல் படித்தும் முதலிலேயே அதை அளந்து பார்க்காதது என் தவறு. மற்றது அந்தப் பட்டறை முதலாளியுடையது.

சனிக்கிழமை, கூட்டம் நிறைந்த நேரமாகப் பார்த்து, பழைய ஸ்டார்ட்டரோடு அதே பட்டறைக்குப் போனேன்.

"அண்ணே, இது செத்துப்போச்சுன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாமா. பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?"

அவர் மேசையிலிருந்த வைஸ் பிடிப்பில் அதை இறுக்கி, அவருடைய பேட்டரியிலேயே இணைத்தேன். விர்ரென்று சுழன்றது.

காத்திருந்த ஒருவர் எழுந்தார். "அலமாக், அடக் கடவுளே, போன மாசம் எனக்கும் ஸ்டார்ட்டர்தானே மாத்துனீங்க?"

மூன்று பேர் தங்கள் கார் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகும்வரை நின்று எண்ணினேன்.

இப்போது எர்த் வயரை அளக்காமல் எந்தப் பட்டறைக்கும் போவதில்லை. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. பழைய ஸ்டார்ட்டர் இன்னும் என் காரின் பின்பக்க பூட்டில்தான் இருக்கிறது.