ஐந்தாவது வரிசை விளக்கு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. இடம் கிளிவெட்டியில் ஒரு கோழிக்கொட்டில்.

நான் திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருக்கிறேன். சிறிய மின்னணுப் பலகைகள் செய்து கொடுப்பது என் தொழில். பெண்பிள்ளைக்கு ஏன் இந்த ஈயம் பற்றவைக்கிற வேலை என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது வீட்டு இன்வேர்ட்டரைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கிளிவெட்டியில் ஒரு அக்காவும் அவருடைய கணவரும் இறைச்சிக்கோழி வளர்க்கிறார்கள். வெளிச்சம் திடீரென்று போனால் குஞ்சுகள் மிரண்டு ஒரு மூலைக்குள் ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அடியில் கிடப்பவை மூச்சுத்திணறிச் சாகும். முந்திய தடவை அக்கா அப்படி நாற்பது குஞ்சுகளைப் பறிகொடுத்திருந்தார். இன்னொரு தடவை நடந்தால் தொழிலையே விட வேண்டியதுதான் என்று சொல்லி, பொழுதுபடுவது போல மெல்ல மெல்ல அணையும் விளக்கு செய்து தர முடியுமா என்று கேட்டார்.

"அது சின்ன வேலை அக்கா" என்றேன்.

சின்ன வேலைதான். மைக்ரோகன்ட்ரோலர் என்கிற சிறிய சிப், எல்.இ.டி விளக்கை ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை அணைத்து எரிய வைக்கும். அணைந்திருக்கும் நேரத்தைக் கூட்டக் கூட்ட நம் கண்ணுக்கு வெளிச்சம் குறைந்துகொண்டு போகும். கொட்டிலில் ஐந்து வரிசை விளக்குகள். சிப்பில் கால்கள் என்று சொல்லும் கம்பி முனைகள் ஐந்திலிருந்து ஐந்தையும் தனித்தனியாக மங்க வைக்கும்படி புரோகிராம் எழுதினேன்.

அன்று விளக்குகளையும் வயர்களையும் அக்காவின் கணவரே மாட்டிப் பூட்டி வைத்திருந்தார். நான் பலகையை இணைத்தபோது ஐந்தாவது வரிசைக்கான இணைப்பு உடைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வேறொரு காலுக்கு அதை மாற்றி, புரோகிராமில் ஒரு எண்ணையும் மாற்றினேன். எரிகிறதா என்று பார்த்தேன், ஐந்தும் எரிந்தன. அணைகிறதா என்று பார்த்தேன், ஐந்தும் அணைந்தன. ஆறரைக்கு மங்கத் தொடங்கி ஏழு மணிக்கு முழுதாக அணையும் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஆறு மணிக்கே புறப்பட்டேன்.

மட்டக்களப்புப் பக்கமிருந்து வரவேண்டிய பஸ் வரவில்லை. ஏழுக்குக் கால் மணி இருக்கும்போது, ஐந்தாவது வரிசை திடீரென்று அணைந்துவிட்டது என்று அக்காவின் போன் வந்தது. ஓடினேன்.

அக்காவும் கணவரும் முழந்தாளில் நின்று, மூலையில் குவிந்திருந்த குஞ்சுகளை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பலகையை ஒரு தடவை நிறுத்தி மறுபடியும் போட்டேன். ஐந்து வரிசையும் முழு வெளிச்சத்தில் எரிந்தன. ஆறு குஞ்சுகள் செத்துக் கிடந்தன.

"அந்த வயர் லூசா இருக்கும்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது.

அக்காவின் கணவர் ஏணியைச் சாத்தி ஏறி, தான் பூட்டிய வயரின் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கத் தொடங்கினார்.

அக்கா என்னைப் பார்த்தார். "இல்ல தங்கச்சி. நான் இஞ்சயே கதிரை போட்டிருந்து பாத்தனான். மற்ற நாலும் பாதி வெளிச்சத்துக்கு வந்த நேரம் இந்த அஞ்சாவது டக்கெண்டு நிண்டது. அதுவரைக்கும் இதுமட்டும் குறையவே இல்ல."

பாதி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. அந்தச் சிப்பின் எல்லாக் கால்களாலும் விளக்கை மங்க வைக்க ஏலாது. சில கால்களுக்கு எரிக்கவும் அணைக்கவும் மட்டும்தான் தெரியும். பாதிக்கு மேல் என்றால் முழுதாக எரிக்கும், கீழே என்றால் அப்படியே அணைத்துவிடும். அவசரத்தில் நான் அப்படியொரு காலில்தான் கொண்டுபோய் மாட்டியிருந்தேன். மங்க வைக்கிற கால் இன்னொன்று சும்மாதான் கிடந்தது.

"அண்ணன், இறங்குங்கோ. வயரில ஒரு பிழையும் இல்ல. என்ர பிழைதான்" என்றேன். சொல்லும்போது முகமெல்லாம் சுட்டது.

அவர் இறங்கிவந்து கையைத் துடைத்தார். "நான் மூண்டு தரம் இழுத்துப் பாத்துத்தான் பூட்டினனான் பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

இணைப்பையும் புரோகிராமில் எண்ணையும் மாற்றி, விளக்குகளை முழு வெளிச்சத்தில் இருந்து திரும்பவும் மங்க விட்டேன். "சரி, இருந்து பாத்திட்டுப் போங்க" என்று அக்கா எனக்கும் ஒரு கதிரை போட்டார். அரை மணித்தியாலம் மூவரும் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து வரிசையும் ஒன்றாகக் குறைந்தன. குஞ்சுகள் இருந்த இருந்த இடத்திலேயே படுத்துக்கொண்டன. அக்கா பெருமூச்சு விட்டது இருட்டில் கேட்டது.

செத்த ஆறு குஞ்சுகளுக்காக இன்றும் வருந்துகிறேன். ஆனால் தன் வேலையைச் சரியாகச் செய்த ஒரு மனிதரை ஏணியில் ஏற்றித் தன் கையையே சந்தேகிக்க வைத்தேனே, அதுதான் அதைவிடப் பெரிய பிழை. இப்போதும் ஏதாவது பலகை வேலை செய்யாமல் போனால் மற்றவர் பூட்டியதைப் பற்றி முதலில் வாய் திறக்கப் பார்ப்பேன். முடிச்சைத் தடவிக்கொண்டு நின்ற அந்த மனிதரின் முகம் வந்து என் வாயை மூடிவிடும்.