கை தூக்கினால் திரும்பும் தலை

என் வீட்டுக்காரருக்குக் காய்கறி மண்டியில் ஏலம் விடுகிற வேலை. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று ஆரம்பித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அந்த மனுஷனுக்குப் போய் வாய் காய்ந்துவிட்டது. ரொட்டியைக்கூடத் தண்ணீரில் நனைத்துத்தான் விழுங்குகிறார். பாதி ஏலத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு பேச்சு நின்றுவிடும்.

முதலாளி நம்பவில்லை. "வேலை செய்ய இஷ்டமில்லைன்னா நேரா சொல்லு. சும்மா நடிக்காதே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வைத்தியம் பார்த்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் டென்ஷன் என்றார். இன்னொருவர் நிறையத் தண்ணீர் குடி என்றார், குடம் குடமாகக் குடிக்கிற ஆளிடம்! கடைசியில் ஒரு டாக்டரம்மாதான் எச்சில் சுரப்பிகளை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நடிப்பா நோயா என்று தெரிந்து தொலைக்கட்டும் என்று கூட்டிப் போனேன்.

கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். சுரப்பி அதை இழுத்துக்கொண்டால் திரையில் பளிச்சென்று தெரியுமாம். பிறகு எலுமிச்சைச் சாறு கொடுப்பார்களாம்; நல்ல சுரப்பி என்றால் உடனே எச்சிலை வெளியே விட்டுக் காலியாகுமாம். "ஐயா, தலையை மட்டும் ஆட்டாதீங்க" என்று டெக்னீஷியன் பெண் படித்துப் படித்துச் சொன்னாள். இவரும் சாதுவாகப் படுத்திருந்தார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன்.

சாறு கொடுக்கிற நேரம். வெளியே கம்ப்யூட்டர் முன் இருந்தவருக்குச் சைகை காட்ட அந்தப் பெண் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான், இவர் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது! மண்டியில் ஒருவர் கை தூக்கினால் விலை கேட்கிறார் என்று அர்த்தம். எந்த மூலையில் தூக்கினாலும் இவர் கண் அங்கே போய்விடும். படம் பாழாய்ப் போனது.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா?"

"கை தூக்கினாளே, நான் என்ன பண்ணட்டும்?"

"அவ என்ன தக்காளி வாங்கவா வந்தா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்த வாரம் மறுபடி ஊசி, மறுபடி கேமரா. இந்தத் தடவை கண்ணைத் துணியால் கட்டச் சொன்னேன், கட்டினார்கள்.

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். "காதுக்குக் கீழ இருக்கிற சுரப்பி ரெண்டும் மருந்தை எடுத்துக்கவே இல்லை. தாடைக்குக் கீழ இருக்கிறது கொஞ்சம் எடுத்திருக்கு. ஆனா சாறு குடுத்தும் எச்சிலை வெளியே விடலை. இவர் சொன்னதெல்லாம் நிஜம்தான்."

"பாத்தியா! நான் நடிக்கலைன்னு மெஷினே சொல்லிடுச்சு!" அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"மறுபடி சரியாகுமா டாக்டர்?" என்றேன் நான்.

"இருக்கிறதைக் காப்பாத்தலாம்மா. ஆனா நாள் முழுக்கக் கத்துற வேலை இனிமே முடியாது."

அது அவர் காதில் விழவே இல்லை. "இப்பவே முதலாளி மூஞ்சிக்கு நேரா காட்டறேன்" என்று படத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். நடிக்கிறான் என்று நினைத்த வரைக்கும் அந்த முதலாளி திட்டித் திட்டியாவது வேலையில் வைத்திருந்தார். இதைப் பார்த்தால் நாளைக்கே வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

"ஏங்க, நில்லுங்க! அதைக் காட்டாதீங்க!" என்று கத்தினேன். அதற்குள் அவர் பாதித் தெருவைக் கடந்துவிட்டார்.