ஒரு சொல்லுக்கு மூன்று விரல்கள்

ஷிஃப்ட் முடிந்து சேஃப்டி ஷூவைக் கழற்றினேன். வலது கால் சாக்ஸ் ஈரமாக இருந்தது. தண்ணீர் பட்டிருக்கும் என்று நினைத்துப் பிழிந்தேன். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

இரும்புத் தகட்டின் பிசிறு ஒன்று ஷூவுக்குள் விழுந்து, கட்டைவிரலுக்குக் கீழே சதைக்குள் ஏறியிருந்தது. எட்டு மணி நேரம் அதை மிதித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. பிடுங்கி எறிந்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

எனக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். காலில் நியூரோபதி (நரம்புகள் செத்து உணர்ச்சி மங்கிப்போவது) வந்திருந்தது எனக்குத் தெரியாது. இதைப் படிக்கும் உங்களுக்கும் சர்க்கரை இருந்தால், வலிக்கவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள்.

நான் ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில், பாகங்களைச் சோதித்துப் பார்க்கும் மேசையில் இருக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் அந்த மேசையில் கற்றது. எல்லாமே கெட்டுப்போவதைச் சொல்லும் சொற்கள். ரஸ்ட் என்றால் துடைத்தால் போய்விடும். பிட்டிங் என்றால் அரித்துக் குழி விழுந்துவிட்டது, துடைத்தும் பயனில்லை. டிஃபெக்ட் என்றால் தானாக வந்த குறை. டேமேஜ் என்றால் யாரோ செய்தது. அந்தச் சொல் சூப்பர்வைசர் வாயிலிருந்து வந்தால், பக்கத்தில் நிற்பவர் முகம் வெளுக்கும். நல்லதாக இருக்கும் பாகத்துக்கு எங்களிடம் ஓகே என்ற ஒரே சொல்தான் உண்டு.

எல்லாவற்றுக்கும் கடைசி, ஸ்கிராப். இனி எதற்கும் உதவாது என்று கழித்துவிடுவது. எங்கள் லைனில் பீகார்க்காரர், ஆந்திராக்காரர் எல்லோரும் அதை ‘ஸ்க்ரேப்’ என்றே சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். அந்தச் சீட்டு ஒட்டிய பாகத்தைச் சும்மா தூக்கிப் போட மாட்டோம். யாரும் திரும்ப எடுத்து வண்டியில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சம்மட்டியால் அடித்து, கோணலாக நசுக்கிய பிறகே பெட்டியில் போடுவோம். அந்தச் சத்தம் பல்லுக்குள் இறங்கும்.

ஒரு வாரத்தில் கால் பூசணிக்காய் போல வீங்கியது. வீட்டில் செத்த எலியைத் தேடினோம். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் எல்லாம் தேடி முடித்த பிறகுதான் நாற்றம் என் காலிலிருந்து வருகிறது என்று தெரிந்தது.

என் கணவர் பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் வேலை செய்கிறார். லீவு போட்டு என்னை மருத்துவமனையில் சேர்த்தார். டாக்டர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். புண்ணை அழுத்தினார். சீழ் பீறிட்டு அவர் கையுறைமேல் அடித்தது.

“பயப்படாதம்மா. ஸ்வல்ப நாள் இங்க இருக்கணும்” என்றார். பிறகு நர்ஸிடம், “நெக்ரோசிஸ் ஆகியிருக்கு. நாளைக்குக் காலையில ஸ்க்ரேப் பண்ணிடலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நெக்ரோசிஸ் (உடம்பின் ஒரு பகுதி சதை மட்டும் செத்துப்போவது) எனக்குப் புரியவில்லை. அடுத்த சொல் நன்றாகவே புரிந்தது. ஆயிரக்கணக்கான முறை என் வாயால் சொன்ன சொல். “சரிங்க சார்” என்று தலையாட்டினேன். பெரிய மனிதர்கள் எது சொன்னாலும் எனக்கு அதுதான் வரும்.

“என்னாடி சொல்றாரு?” என்று கணவர் கேட்டார்.

“காலை எடுக்கப் போறாங்க.”

“அப்படியா சொன்னாரு?”

“கம்பெனில தெனமும் சொல்றதுங்க. எனக்குத் தெரியாதா?”

அவர் நம்பிவிட்டார். எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான்தான்.

மறுநாள் காலை நர்ஸ் ஒரு தட்டில் கத்தரியும் கரண்டி போன்ற ஒரு கருவியும் வைத்துக் கொண்டுவந்தாள். என் காதில் சம்மட்டி விழுந்தது. பேசத் தெரியாத என் வாய்க்குப் பதிலாகக் கை பேசியது. தட்டைப் பிடுங்கி அவள் முகத்தில் அடித்தேன். அவள் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் ஓடியது. பிடிக்க வந்த ஆயாவின் முன்கையைக் கடித்தேன். நல்ல காலால் தள்ளுவண்டியை உதைத்ததில் பாட்டில்கள் உடைந்து தரையெங்கும் மருந்து ஓடியது.

“என்னாக்கா ஆச்சு? சொன்னாத்தானே தெரியும்?” என்று புருவத்தைப் பொத்திக்கொண்டு நர்ஸ் கத்தினாள். நான் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அடிக்கத் துணிந்த எனக்குக் கேட்கத் துணிவில்லை. எங்கள் பொறுப்பில் போகிறோம் என்று கணவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, வெளியே வந்துவிட்டோம்.

வீட்டில் நான்கு நாள் இருந்தேன். மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துக் கட்டினோம். நான்காம் நாள் கட்டைப் பிரித்தபோது இரண்டு விரல்கள் கரிக்கட்டை நிறத்தில் இருந்தன. மூன்றாவது விரலின் தோல், அவித்த கிழங்கின் தோல் போல, துணியோடு வந்துவிட்டது. காய்ச்சலில் பல் கிடுகிடுத்தது. கணவர் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

அதே டாக்டர். பார்த்ததும் முகம் இறுகிவிட்டது.

“எடுத்துக்கோங்க சார்” என்றேன். “அன்னைக்கே எடுக்கறேன்னீங்க. நான்தான் பயந்து ஓடிட்டேன்.”

“எதை எடுக்கறது?”

“காலைத்தான். ஸ்க்ரேப் பண்றேன்னீங்களே.”

அவர் மேசையில் ஒட்டியிருந்த பழைய பிளாஸ்திரித் துண்டை நகத்தால் சுரண்டினார். சரக், சரக்.

“இதும்மா ஸ்க்ரேப். செத்த சதையை மட்டும் சுரண்டி எடுக்கறது. அன்னைக்கு ஒரு விரலும் போயிருக்காது.”

கணவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். இரண்டாம் முறை முட்டுவதற்குள் ஆயா பிடித்து நிறுத்தினார். எனக்கு அழுகை வரவில்லை.

அன்று மூன்று விரல்களை எடுத்தார்கள். அதன் பிறகு தினமும் டிப்ரைட்மெண்ட் (செத்த சதையைச் சுரண்டி நீக்குவது). செய்தவள் நான் அடித்த அதே நர்ஸ். புருவத்தில் தையல் இருந்தது.

“தட்டை எட்ட வச்சிட்டேங்க்கா. இன்னைக்கு அடிக்கணும்னா கையாலதான்” என்றாள். நான் கைகூப்பினேன். “அதெல்லாம் அப்புறம். கத்துங்க, அது போதும்.”

விளையாட்டாகச் சொல்லவில்லை. செத்த சதை வலிக்காது. கருவி உயிருள்ள சதையைத் தொடும்போதுதான் வலிக்கும். என் அலறல் கேட்கும் இடத்தில் அவள் நிறுத்த வேண்டும். முதல் இரண்டு நாள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் பாதத்தின் நடுவே பழுக்கக் காய்ந்த கம்பியைச் செருகியது போல இருந்தது. வார்டு அதிரக் கத்தினேன். “சூப்பருக்கா!” என்று அவள் சிரித்தாள். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை.

இரண்டு வாரம் கழித்து டாக்டர், “கிரானுலேஷன் வந்திருக்கு” என்றார். கணவர் பதறிப்போனார். “கிரானைட்டா? காலு கல்லாயிடுச்சாங்க?”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தலையாட்டவில்லை. “அப்படின்னா என்னாங்க சார்? தமிழ்ல சொல்லுங்க” என்றேன்.

“புதுச் சதைம்மா. செவப்பா, மணி மணியா வளரும். நல்லது.”

புண் ஆற மாதங்கள் ஆயின. நர்ஸ் அளவுகோல் வைத்து அளப்பாள். ஒரு வாரம் என்பது எனக்கு ஒரு நெல்மணியின் அகலம் ஆயிற்று.

இப்போது மூன்று விரல் குறைந்துவிட்ட அந்தப் பாதத்துக்கென்று தைத்த செருப்பில் நடக்கிறேன். பஸ் நிறுத்தம் தூரமாகிவிட்டது. என் கால்கள் எனக்குத் தகவல் சொல்வதில்லை. காலையும் மாலையும் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அடிப்பாதத்தைப் பார்த்து, நானே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் இடையே நடப்பதெல்லாம் நம்பிக்கையில் நடப்பது.

நேற்று மாலை இடது குதிகாலில் புளியங்கொட்டை அளவில் ஒரு கொப்புளம் தெரிந்தது. கணவர் குவாரியிலிருந்து வரும்வரை காத்திருக்கவில்லை. தனியாகப் பஸ் ஏறிப் போனேன். டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, நான் இதுவரை கேட்டிராத ஒரு சொல்லைச் சொன்னார். வெளியே வரிசை நீண்டிருந்தது. அடுத்தவரைக் கூப்பிட மணியில் கை வைத்துவிட்டார்.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.