பத்தரை மணிப் படம்

திருப்பதியில் செயற்கைக்கோள் படங்களில் புகையையும் தூசியையும் தேடுவது என் வேலை. ராமகுப்பத்தில் பட்டுப்புழு வளர்க்கும் முனியம்மா, கல் உடைக்கும் கிரஷரின் தூசி படிந்த மல்பெரி இலையைத் தின்று புழுக்கள் சாவதாக மனு கொடுத்திருந்தார். படங்களில் வானம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. தூசி இல்லை என்று எழுதினேன். மனு தள்ளுபடியானது.

மனம் கேட்காமல், பிறகுதான் ஊருக்குப் போனேன். முனியம்மா புழு வளர்த்த காலித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்க படம் எத்தினி மணிக்குப் புடிக்கிறது சார்?"

"காலை பத்தரைக்கு."

"கிரஷரு ரெண்டு மணிக்கு மேலதான் ஓடுது. நம்ம ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்களே."

"திருத்தி எழுதுறேம்மா."

"எழுது சார். நாங்க பெங்களூருக்குக் கூலிக்குப் போய்க்கினு இருக்கோம்."

எழுதினேன். முடித்த கோப்பைத் திறக்க முடியாது என்றார்கள் மேலதிகாரிகள். கிரஷர் எத்தனை மணிக்கு ஓடும் என்று அவரிடம் முதலிலேயே கேட்க ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடம் என்னிடம் இருந்தது.