விரலில் கனம் இல்லை என்று சொன்னேன்

கண்ணுங்களா, அப்பா மைக் செட் வாடகைக்கு விட்ட காலத்தைப் பற்றி நீங்கள் கேட்கும்போதெல்லாம் சிரிப்புக் கதைகளாகத்தான் சொல்லியிருக்கிறேன். மழையில் ஆம்ப்ளிஃபயருக்குக் குடை பிடித்துக்கொண்டு நான் நனைந்தது, குன்னூரில் மாப்பிள்ளை பேரைக் குழப்பிக்கொண்டு வேறு கல்யாணத்தில் போய் ஸ்பீக்கர் கட்டியது, இப்படி. இதை மட்டும் சொன்னதில்லை. உங்கள் அம்மாவுக்கே பாதிதான் தெரியும்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. கோத்தகிரிக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில் கோயில் திருவிழா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாட்டுக் கச்சேரி. சாயங்காலம் மூடுபனி இறங்கிவிட்டால் மேடையே தெரியாது என்பதால் எங்கள் பக்கம் பகலிலேயே வைத்துக்கொள்வார்கள். பச்சை இலைக்கு விலை இல்லாமல் போனதும் கல்யாணம், காதுகுத்து எல்லாம் சுருங்கிவிட்டது. என் பெட்டிகள் கடையில் தூசி படிந்து கிடந்தன. அந்த வேலை வந்ததே பெரிது என்று போனேன்.

மேடையில் பேஸ் கிட்டார் வாசித்தவர் அந்த எஸ்டேட் ஃபேக்டரியில் இலை உலர்த்தும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சிலோனிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். அப்போது ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. மனைவி கொழுந்து பறித்தார். மூன்று பெண் பிள்ளைகள். கோயம்புத்தூரில் ஆர்க்கெஸ்ட்ரா நடத்தும் ஒருவருக்கு நிரந்தரமாகப் பேஸ் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. அன்றைக்கு அவரே நேரில் வந்து கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. அந்த இடம் கிடைத்தால் குடும்பம் பிழைத்துவிடும். இது தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

பேஸ் என்பது பாட்டுக்கு அடியில் ஓடுகிற கனமான ஒலி. மைதானத்தில் அது காதுக்கு வருவதைவிட நெஞ்சுக்குத்தான் வரும். மைக் செட்காரனுக்கு அதுதான் பரீட்சை. மேடைக்கு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டி வைத்தேன். மேடைக்கு நேர் எதிரே, நடுவில், ஒலியை ஏற்றி இறக்கும் மிக்சரோடு நான் உட்கார்ந்தேன்.

சோதித்துப் பார்க்கும்போதே பேஸ் வரவில்லை. ஏற்றினேன். ஏற்ற ஏற்ற, இடது பெட்டிக்குப் பக்கத்தில் டீக்கடை போட்டிருந்தவர், டம்ளரெல்லாம் மேசையில் நடக்கிறது, குறைக்கச் சொல் என்று ஆள் அனுப்பினார். நான் உட்கார்ந்த இடத்திலோ ஒன்றுமே இல்லை. டிரம்மிலும் குச்சி படுகிற சத்தம் கேட்டதே தவிர அதன் கனம் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பேஸ்காரர் கிட்டாரைத் தபேலாக்காரர் கையில் கொடுத்து, சும்மா தட்டிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு இறங்கி வந்தார். என் பக்கத்தில் நின்று கேட்டார். வலது பெட்டிக்கு அருகில் போய்க் கேட்டார். திரும்பி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அண்ணே, ஒரு பக்கத்துப் பெட்டிய மட்டும் நிப்பாட்டிப் பாப்பமா? ரெண்டும் ஒண்ணையொண்ணு அமுக்குற மாதிரி இருக்கு.”

ஒரு நிமிஷ வேலை. ஆனால் விழாக் கமிட்டிக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஃபேக்டரி ஆள் சொல்லித்தான் மைக் செட்காரனுக்குத் தெரிந்தது என்று ஆகிவிடுமே என்று பட்டது.

“இலை காய வெக்கிற மெஷின்னு நெனச்சீங்களா? நீங்க வாசிக்கறத வாசிங்க. பெட்டிய நான் பாத்துக்கறேன்” என்றேன்.

நின்றவர்கள் சிரித்தார்கள். மேடையிலிருந்து தபேலாக்காரர், “வாப்பா, எதையாச்சும் கழட்டிப் பாக்கலைன்னா ஒனக்குக் கை அரிக்கும்” என்றார். பேஸ்காரரும் சிரித்துக்கொண்டே மேடை ஏறிவிட்டார்.

கச்சேரி தொடங்கி மூன்றாவது பாட்டில் ஆர்க்கெஸ்ட்ராக்காரர் என் பக்கத்தில் வந்து கைகட்டி நின்றார். கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார்.

“ஏனுங்க, அவரு வாசிக்கறாருங்களா, இல்ல சும்மா நிக்கறாருங்களா?”

என் பக்கம் ஏதோ கோளாறு, இடைவேளையில் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

“விரல்ல கனம் இல்லீங்க. நானும் எவ்வளவு ஏத்தறது?”

அவர் தலையாட்டிக்கொண்டார். அதற்குள் டீக்கடையிலிருந்து மறுபடியும் ஆள் வந்தது. அந்தப் பாட்டு முடிந்ததும் பேஸை முழுவதுமாக இறக்கிவிட்டேன். மேடையில் பேஸ்காரர் காலடியில் சின்னப் பெட்டி ஒன்று இருந்ததால் அவருக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முன்வரிசையில் அவர் மனைவியும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, எப்படி என்று கேட்பார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன், ஒவ்வொரு முறையும்.

கச்சேரி முடிந்ததும் ஆர்க்கெஸ்ட்ராக்காரர் அவரிடம் இரண்டு வார்த்தை பேசினார், தோளில் தட்டினார், போய்விட்டார். போகும்போது என்னிடம், மலை மேல் சீசனுக்கு வரும் கச்சேரிகளுக்கு உங்கள் செட்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். பேஸ்காரர் கிட்டாரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்து, “கஷ்டப்பட்டீங்கண்ணே” என்றார். எனக்கு நன்றி சொன்னார், கண்ணுங்களா.

நாலாம் நாள் கமிட்டிக்குக் கொடுக்க, கச்சேரியைப் பதிவு செய்திருந்த கேசட்டைக் கடையில் ஓடவிட்டேன். அது மிக்சரிலிருந்து நேராகப் பதிவானது, பெட்டிகள் வழியாக வந்ததல்ல. முதல் பாட்டு தொடங்கியதும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். அப்படி ஒரு பேஸ். அளவாக, அழுத்தமாக, பாடுகிறவர் மூச்சு விடும் இடம்கூடத் தெரிந்து வாசித்திருந்தார். மூன்று பாட்டு அப்படி. அதற்குப் பிறகு நான் இறக்கிவிட்டது.

ஓடிப்போய்ப் பெட்டிகளைத் திறந்தேன். அதற்கு முந்தின மாதம் ஒரு ஸ்பீக்கரை ரிப்பேர் பார்த்து மாட்டியபோது புது ஒயர் வாங்காமல், சீரியல் பல்பு செட்டில் மிஞ்சிய ஒயரைப் போட்டிருந்தேன். அதில் இரண்டு இழையும் ஒரே நிறம். பிளஸ், மைனஸ் மாறிப் போயிருந்தது. ஒரு பெட்டி காற்றை வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தது. இரண்டு ஒலியும் நடுவில் சந்தித்து அழிந்தன. பாடுகிற குரல் தப்பிவிடும், கனமான ஒலிதான் இப்படிச் சாகும். அவர் சொன்னது அதேதான்.

அன்றைக்கே பஸ் ஏறியிருக்க வேண்டும். நான் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால் ஆர்க்கெஸ்ட்ராக்காரர் சீசன் கச்சேரிகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். சீசன் முடியட்டும் என்று இருந்துவிட்டேன். உங்களுக்கு அந்த வருஷம் ஸ்கூல் பை வாங்கியதும் அதில்தான்.

சீசன் முடிந்து லைனுக்குப் போனபோது கதவில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டு அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவர்கள் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். விலாசம் தெரியாதாம். கிட்டார் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“அத வித்துட்டாருங்க. தனக்கு விரல்ல கனம் இல்லையாம், இத்தன வருஷம் தெரியாம போச்சேன்னாரு.”

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பூத்திலிருந்து ஆர்க்கெஸ்ட்ராக்காரருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வேறு ஆள் வைத்தாகிவிட்டது என்றார் அவர். அப்புறம், “இத எங்கிட்டச் சொல்லி என்னங்க பண்றது?” என்றார். அதன்பிறகு என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் எனக்கே தெரியாது.

திருப்பூருக்கு மூன்று முறை போய்த் தேடினேன். கிடைக்கவில்லை.

அந்தக் கஷ்ட காலத்தில் நான் ஒரு கேசட்டையே அழித்து அழித்துப் பதிவேன். போன் செய்துவிட்டு வந்த அன்றைக்குக் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு கமிட்டிக்குக் கொடுக்காமலே வைத்திருந்த அந்தக் கேசட்டைக் கையில் எடுத்தேன். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. ஸ்க்ரூடிரைவரால் இரண்டையும் உடைத்தேன். இருபது வருஷமாக அதை நான் யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. நான் இல்லை என்று சொன்ன கனம் அந்த மூன்று பாட்டிலும் அப்படியே இருக்கிறது.