ஏழாம் மாடியில் மூன்று லிட்டர்

தண்ணீர் மீட்டரைக் காட்டி அந்த அம்மாவை ஏமாற்ற இனிமேல் ஒருத்தர் பிறந்துதான் வர வேண்டும். இருபத்தாறு வருடம் நகராட்சிக்காக வீடு வீடாகப் போய்க் குனிந்து குனிந்து மீட்டர் முள்ளைப் பார்த்ததில் முதுகு வளைந்ததே ஒழிய, எழுதிய கணக்கு ஒரு நாளும் வளைந்ததில்லை. மீட்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவள் குடியிருந்ததோ ஒற்றை அறையில். நடுவில் துணியைத் திரையாகக் கட்டி, அந்தப் பக்கம் மகனும் மாசமாக இருந்த மருமகளும், இந்தப் பக்கம் இவள். இருமல் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டுதான் இருமுவாள்.

அந்த வருடம் நகராட்சிக்கு அதிசயமாக ஒரு நல்ல புத்தி வந்தது. ஒரு வருடம் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டை எடுத்து, சாதாரணச் சம்பளக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கு விடுவது என்று சட்டம் போட்டார்கள். மாதம் நூறு லிட்டருக்குக் கீழே தண்ணீர் ஓடினால் அந்த வீடு காலி. வீட்டுக்காக மனு கொடுத்தவர்கள் வரிசையில் அவள் மகன் இருபத்தெட்டாவது ஆள்.

ஆற்றோரத்தில் ஓர் ஏழு மாடிக் கட்டடம். மாடிக்கு நான்கு வீடு. விலை ஏறட்டும் என்று வாங்கிப் பூட்டி வைத்தவர்கள் லேசுப்பட்டவர்களா? மாலை ஆறு மணிக்கு எல்லா ஜன்னலிலும் ஒரே நொடியில் விளக்கு எரிய ஏற்பாடு செய்திருந்தார்கள். உள்ளே டி.வி. தானாகப் பேசும், தானாகச் சிரிக்கும். ஆனால் விளக்குக்குத் தாகம் எடுக்காதே! மீட்டரம்மா சிரித்தபடி 'காலி, காலி' என்று எழுதிக்கொண்டே ஏறினாள். இருபத்தேழு ஆயிற்று.

மேல்மாடியின் கடைசி வீட்டில் சிரிப்பு நின்றது. மாதம் தொண்ணூறு லிட்டர், நாளைக்கு மூன்று. அவள் பார்க்கும்போதே முள் அசைந்து, ஒரு தம்ளர் அளவு ஓடி, நின்றது. ஒழுகும் குழாய்க்கு நிற்கத் தெரியாது. நின்றால் உள்ளே ஆள் இருக்கிறது. அவள் தொழிலில் இது பாலபாடம். கதவைத் தட்டினாள். உள்ளே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்கள்.

ஆள் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் மறுநாளும் போய்த் தட்ட வேண்டும் என்பது விதி. அவள் போகவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் புரண்டு படுக்க இடமில்லாமல் தவிக்கும் மருமகள்தான் கண்முன் நின்றாள். 'குழாய் ஒழுகல். ஆள் இல்லை' என்று எழுதினாள். கை நடுங்கவே இல்லை. பிற்பாடு அவளை வாட்டியது அதுதான்.

இருபத்தெட்டாவது வீடு மகனுக்கு வந்தது. குடிபோன அன்று சமையலறையில் ஒரு தம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்துப் பார்த்தால் உள்ளே ஈரம்.

"கூட்டிப் பெருக்க வந்தவங்க குடிச்சிருப்பாங்கம்மா" என்றான் மகன்.

கீழே வாசல் காவல்காரர் வேறு மாதிரி சொன்னார். "அங்க ஒரு தையல்காரம்மா ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. போக்கிடம் இல்லாத ஜென்மம், நானும் கண்டுக்காம விட்டுட்டேன். நகராட்சியிலேர்ந்து வந்து பூட்டை உடைச்சவங்க உள்ள யாருமே இல்லைன்னுட்டாங்க. ஆனா அது இந்த கேட்டைத் தாண்டிப் போகலம்மா. நான் இங்கயேதானே இருக்கேன்!"

குழந்தை பிறந்து மூன்றாம் மாதம், ஒரு பட்டப்பகல். மகன் வேலைக்குப் போயிருந்தான். மருமகளும் குழந்தையும் நல்ல தூக்கம். எல்லாக் குழாயையும் இறுக்கி மூடிவிட்டு, பழக்க தோஷத்தில் வெளியே வந்து மீட்டரைப் பார்த்தாள். முள் அசைந்தது. ஒரு தம்ளர் அளவு ஓடி, நின்றது. கதவுக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்கள். பயத்தைவிட வெட்கம்தான் அவளைப் பிடுங்கித் தின்றது.

மறுவாரம் நகராட்சியிலிருந்து படிவம் வந்தது. வீட்டில் குடியிருப்போர் எத்தனை பேர் என்ற இடத்தில் ஐந்து என்று எழுதினாள்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "குழந்தையைச் சேர்த்தாலும் நாம நாலு பேர்தானே, அத்தை?"

"இல்லம்மா" என்றாள் மீட்டரம்மா. "போன தடவை ஒரு ஆளை விட்டுட்டேன்."